ஓடும் தண்ணீர் படத்தில் பிழையாக வருகிறதா?

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துத் தண்ணீர் ஓடாது. கிணற்றில் நிற்கும், கேணியில் நிற்கும், கடலில் வந்து வந்து திரும்பும். ஆறு என்று பெயர் சொல்ல வழுக்கையாறு ஒன்று உண்டு, அதுவும் மாரியில் மட்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே யாழ்ப்பாணத்தில் கமரா பழகினவர் ஏ9 வீதியில் 321 கிலோமீட்டர் ஓடிக் கண்டியைத் தாண்டி, முதல் ஓடையைக் கண்டவுடன் விடுகிற பிழைகள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். அத்தனையையும் நானும் விட்டிருக்கிறேன். கலியாண வீட்டுப் படம் எடுக்கிறவன் நான். ஆளைப் பார்த்து "கொஞ்சம் நில்லுங்கோ" என்று சொல்லிப் பழகின வாய். ஓடை நிற்காது.

கீழே உள்ளவை எல்லாம் "படத்தில் இப்படித் தெரிகிறது, என்ன பிழை?" என்ற வரிசையில் இருக்கின்றன. ஒரு வேலையை முதலில் செய்துவிடுங்கள். எடுத்த படத்தைக் கமராத் திரையில் நன்றாகப் பெரிதாக்குங்கள். தண்ணீரைப் பார்க்க வேண்டாம். தண்ணீருக்குப் பக்கத்தில் அசையாமல் கிடக்கும் ஒரு கல்லைப் பாருங்கள். கல்லும் மங்கல் என்றால் கமரா ஆடியிருக்கிறது, அல்லது போக்கஸ் பிழைத்திருக்கிறது. கல் கூர்மையாக இருந்து தண்ணீர் மட்டும் பிடிக்கவில்லை என்றால் வெளிச்சத்திலோ நேரத்திலோதான் கோளாறு. இந்த ஒரு பார்வையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

தண்ணீர் வெள்ளைத் துணி விரித்த மாதிரிக் கிடக்கிறது

அருவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வெள்ளை. நூல் இல்லை, மடிப்பு இல்லை. கணினியில் ஒளியைக் குறைத்துப் பார்த்தால் வெள்ளை சாம்பல் ஆகிறதே தவிர உள்ளே ஒன்றும் வெளிவரவில்லை.

கமராவுக்கு எது தண்ணீர், எது கல் என்று தெரியாது. ஈரக் கருங்கல்லும் மர நிழலும் படத்தின் முக்கால்வாசியைப் பிடித்திருந்தால், இடம் இருட்டு என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கல் அழகாக வரும், நுரை எரிந்துபோகும். எதிர்மாறும் நடக்கும்: அருவிக்குக் கிட்டப் போய்ப் படம் முழுவதையும் நுரையால் நிரப்பினால் கமரா வெளிச்சத்தைக் குறைக்கும், நுரை பழைய வேட்டியின் நிறத்தில் வரும். வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளையையும் கறுப்புக் கோட் போட்ட வெளிநாட்டுச் சித்தப்பாவையும் ஒரே படத்துக்குள் அடக்கப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

எக்ஸ்போசர் கொம்பன்சேசனை (கமரா தானாக வைக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 0.7 இலிருந்து மைனஸ் 1 வரை இறக்கி ஒரு படம் எடுங்கள். கமராவில் எரிந்த இடங்கள் மினுங்கிக் காட்டும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். நுரையில் அங்கொன்று இங்கொன்று மினுங்கினால் பரவாயில்லை, அருவி முழுக்க மினுங்கினால் இன்னும் இறக்குங்கள். திரையின் பிரகாசத்தை நம்ப வேண்டாம், மர நிழலில் எந்தப் படமும் திரையில் பளிச்சென்றுதான் இருக்கும். இருட்டையும் வெளிச்சத்தையும் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பில் மலை முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். கமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்தால் கல்லின் இருட்டைப் பிறகு தூக்கிவிடலாம். எரிந்த நுரையை ஒருவராலும் மீட்க முடியாது.

இதற்குள் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. சட்டர், அதாவது கமராவுக்குள் ஒளி விடும் கதவு, கூடுதல் நேரம் திறந்திருக்கும்போது நுரை ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஓடி ஓடிப் பக்கத்து இருட்டையும் வெள்ளையால் பூசிவிடுகிறது. அதனால் கண்ணுக்கு மூன்று தாரையாகத் தெரிந்தது படத்தில் ஒரே பட்டையாகிவிடும். ஒளியைச் சரியாக வைத்தும் துணி மாதிரியே வருகிறது என்றால் சட்டர் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

மரங்களுக்கு இடையால் வெயில் துண்டு துண்டாக விழுந்து தண்ணீரில் பட்டால் இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. மேகம் வரும்வரை இருங்கள், மலைநாட்டில் அதற்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டி வராது. காலை வெளிப்பாக இருந்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு முகில் இறங்குவது அங்கே வழமை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு மழையும் சேர்ந்து வரும், அது வேறு தொல்லை. மங்கிய வானம் கலியாண வீட்டுக்காரருக்குக் கவலை, ஓடைக்காரருக்கு வரம்.

தண்ணீர் பால் மாதிரி, பஞ்சு மாதிரி வருகிறது

மருமகன் முதல் தடவை நுவரெலியாப் பக்கம் போய் வந்து போனை நீட்டினான். "மாமா, தண்ணி பால் ஊத்தின மாதிரிக் கிடக்கு. வடிவாத்தானே கிடக்கு?" முதல் படம் வடிவுதான். பத்தாவது படத்தில் எந்த அருவி எது என்றே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நாலு செக்கன், ஐந்து செக்கன் வைத்திருக்கிறான். கேட்டால், ஏதோ ஒரு வீடியோவில் அப்படிச் சொன்னார்களாம்.

தண்ணீரின் வேகத்தைப் பார்க்காமல் சட்டர் நேரத்தை வைத்தால் இப்படித்தான் வரும். இந்த வழிமுறையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடம் இருந்தால் இதை வையுங்கள்: கமராவை எடுக்க முன் ஓடைக்கு முன்னால் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். தண்ணீரில் ஒரு நுரைப் பொட்டைத் தெரிந்தெடுத்துக் கண்ணால் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு கமராவுக்குள் பார்த்து அதையே செய்யுங்கள். பொட்டு ஒரு செக்கனில் படத்தின் பாதி அகலத்தைக் கடக்கிறது என்றால், கால் செக்கன் திறந்திருக்கும் சட்டர் எட்டில் ஒரு பங்கு நீளத்துக்கு ஒரு கோடு இழுக்கும். அந்த நீளம் கண்ணுக்கு ஓட்டமாகத் தெரியும். இரண்டு செக்கன் திறந்தால் அதே பொட்டு படத்துக்கு வெளியே போய்விடும், கோட்டுக்கு மேல் கோடாக விழுந்து எல்லாம் பாலாகிவிடும்.

இதிலிருந்து மற்றதெல்லாம் தானாக வரும். ஒரே ஓடைதான், கிட்டப் போய் எடுத்தால் பொட்டு படத்துக்குள் வேகமாக ஓடும், ஆகவே நேரத்தைக் குறைக்க வேண்டும். வீதியில் நின்று தூரத்து அருவியை அகல லென்ஸில் எடுத்தால் மெதுவாக ஓடும், நேரத்தைக் கூட்டலாம். என் கைக்குப் பழகின கணக்கு இது: கல்லுக் கல்லாகக் குதித்து வரும் சிற்றோடைக்கு 1/8 முதல் 1/2 செக்கன், பெருக்கெடுத்து விழும் அருவிக்கு 1/15 முதல் 1/4, தேங்கி மெல்லச் சுழலும் மடுவுக்கு 2 செக்கனும் அதற்கு மேலும். மடுவில் மிதக்கும் இலைகளும் நுரையும் வட்டம் போட வேண்டுமானால் 15, 20 செக்கன் கூட வேண்டிவரும்.

மலைக்குப் போய்த்தான் இதைப் பழக வேண்டும் என்றில்லை. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் விடிய ஆறு மணிக்குத் தோட்டங்களில் இறைப்பு நடக்கும். பம்பின் குழாய் வாயிலிருந்து தொட்டியில் விழுகிற தண்ணீர் உங்கள் அருவி, செம்பாட்டு மண் வாய்க்காலில் பாத்திக்கு ஓடுகிறது உங்கள் ஓடை. தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாய்க்கால் ஓரம் குந்துங்கள். காய்ந்த வெங்காயத் தாள் ஒன்றைக் கிள்ளிப் போட்டு, அது ஓடும்போது 1/1000, 1/60, 1/8, 1/2, 2 செக்கன் என்று ஐந்து படம் எடுங்கள். 1/8 இல் தாள் ஒரு வாலோடு தெரியும், 2 செக்கனில் தாளே இருக்காது. நான் இதைப் படித்தது அங்கேதான். தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, வாய்க்காலிலை என்ன கிடக்கெண்டு தேடுறியள்?" என்று கேட்டார்.

உறையவும் இல்லை, ஓடவும் இல்லை

துளிகள் எல்லாம் வால் முளைத்த மாதிரி, அழுக்குப் பிடித்த மாதிரி. 1/60, 1/125 போன்ற இடைநேரங்களில் எடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு பக்கம் சாயுங்கள். துளி துளியாகத் தெறிப்பது வேண்டும் என்றால் 1/1000க்கு மேலே போங்கள், ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்வைக் கூட்டத் தயங்க வேண்டாம். ஓட்டம் வேண்டும் என்றால் 1/15க்குக் கீழே வாருங்கள்.

சட்டரை மெதுவாக்கினால் படம் முழுக்க வெளுக்கிறது

வெளிச்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான். முதலில் ஐஎஸ்ஓவைப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவில் இரவுப் படம் எடுத்த கையோடு தலவாக்கலைக்குப் போனவன் நான். ஓட்டோ ஐஎஸ்ஓ போட்டபடியே இருந்தது. நான் சட்டரை எங்கே வைத்தாலும் கமரா தன் இஷ்டத்துக்கு ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது, அரை நாள் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். ஓட்டோவை நிறுத்தி 100 இல் வையுங்கள்.

அடுத்து அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம். எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும். எஃப் 22 வரை மூடினால் ஒளி குறையும், உண்மைதான். ஆனால் துவாரம் அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்க மென்மையாகிவிடும். ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சர் உள்ள கமரா என்றால் எஃப் 11 வரை, முழுச் சட்டகக் கமரா என்றால் எஃப் 16 வரை போதும். "கல் கூர்மையாக இல்லை, ஆனால் ஆடினதாகவும் தெரியவில்லை" என்று யாராவது படம் காட்டினால் நான் முதலில் கேட்பது எஃப் எத்தனை என்றுதான்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பில்டர். கணக்கைக் கேளுங்கள். முகில் மூடிய வானத்தின் கீழே ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்றால் சட்டர் 1/30 அளவில் நிற்கும். மினுக்கத்தை வெட்டும் பில்டரான பொலரைசர் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறையும், 1/8 கிடைக்கும். சிற்றோடைக்கு அதுவே காணும். நல்ல வெயிலில் அதே அமைப்பு 1/250க்குப் போய்விடும், அங்கே ஆறு ஸ்டொப் என்டி பில்டர், அதாவது ஒளியை 64 மடங்கு குறைப்பது, போட்டால் 1/4க்கு வரலாம். பத்து ஸ்டொப் பில்டர் போட்டால் 4 செக்கன் ஆகும், ஓடைக்கு அது பெரும்பாலும் கூடிப்போகும். புதிதாக வாங்குகிறவர் பொலரைசர் ஒன்றும் ஆறு ஸ்டொப் ஒன்றும் வாங்கினால் போதும். கடைக்காரர் பத்து ஸ்டொப்பைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

கல்லும் மங்கல்

ட்ரைபொட் போட்டும் மங்கலா? கல்லின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் ஆட்டம். விளிம்பு வெறுமனே கரைந்து, படத்தின் வேறோர் இடம் கூர்மையாக இருந்தால் போக்கஸ்.

ஆட்டம் என்றால் இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். நடுத்தண்டை உயர்த்தியிருக்கிறீர்களா? இறக்குங்கள். கால்களின் மெல்லிய கடைசித் துண்டுகளை இழுத்திருக்கிறீர்களா? குந்தி எடுக்கிற உயரத்துக்கு அவை தேவையில்லை. கால் ஓடும் தண்ணீருக்குள் நிற்கிறதா? காலைக் கையால் தொட்டுப் பாருங்கள், மெல்லிய நடுக்கம் தெரியும். மணலுக்குள் அழுத்தி ஊன்றுங்கள், அப்படியும் நின்றபாடில்லை என்றால் கரைக்கு வாருங்கள். லென்ஸின் அசைவு நிவாரணி போட்டபடி இருக்கிறதா? ட்ரைபொட்டில் அது சில நேரம் இல்லாத அசைவைத் தேடித் தானே ஆட்டும், நிறுத்திவிடுங்கள். விரலால் அழுத்துகிறீர்களா? 2 செக்கன் டைமரைப் போடுங்கள். ஏ7 வீதியோரம் நின்று டெவன் அருவியையோ சென் கிளேயர் அருவியையோ நீள லென்ஸில் எடுக்கிறவர்களுக்கு இன்னுமொன்று: பஸ் கடக்கும்போது நிலமே அதிரும். வளைவில் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிட்டு, அது போன பிறகு எடுங்கள்.

போக்கஸ் என்றால் பெரும்பாலும் கமரா நுரையைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றிருக்கும். அசையாத கல்லின் விளிம்பில் போக்கஸ் பிடித்து, மனுவலுக்கு மாற்றிவிட்டு, பிறகு பில்டரைப் போடுங்கள். இருண்ட என்டி பில்டர் போட்ட பிறகு கமராவுக்குக் கண் தெரியாது.

கல் கூர்மை, தண்ணீர் அருமை, இலைகள் மட்டும் பேய் மாதிரி

காற்று. கமராவை அசைக்காமல் இரண்டு படம் எடுங்கள்: ஒன்று தண்ணீருக்காக மெதுவாக, மற்றது ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏற்றி இலைக்காக வேகமாக. வீட்டில் வந்து இலையை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டலாம். ஆனால் அருவிக்குப் பக்கத்தில் நிற்கும் பன்னம் விழுகிற தண்ணீரின் காற்றிலேயே ஓயாமல் ஆடும். அதை ஆடவிட்டுவிடுகிறேன் நான்.

கல்லும் இலையும் பிளாஸ்ரிக் மாதிரி மினுங்குகின்றன, அடித்தண்ணீர் தெரியவில்லை

ஈரமான எதுவும் வானத்தைத் திருப்பிக் காட்டும், அந்த வெள்ளை மினுக்கம் நிறத்தைத் தின்றுவிடும். பொலரைசரை மாட்டிவிட்டு, கமராவுக்குள் பார்த்தபடியே மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் இலை திடீரென்று பச்சையாகும், கல் கறுக்கும், ஓடையின் அடியில் கூழாங்கல் தெரியும். மாட்டினால் போதும் என்று நினைத்துத் திருப்பாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், கண்ணாடியை நெற்றியில் போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிக்கிற கதைதான் அது. கமராவை நெட்டாக்கினால் பொலரைசரும் கூடத் திரும்பிவிடும், ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

அடித்தண்ணீர் இன்னும் தெரியவில்லை என்றால் பார்க்கும் கோணத்தை மாற்றுங்கள். தண்ணீர்ப் பரப்புக்கு ஏறக்குறைய 37 பாகை சாய்வில் பார்க்கும்போது மினுக்கம் முழுதாக அறுபடும். நேர் மேலே நின்று குனிந்து பார்த்தால் பொலரைசருக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

முழுதாக வெட்டுவதும் எப்போதும் நல்லதல்ல. பின்னேர வெளிச்சம் பட்ட மலையின் பொன்நிறம் மடுவில் விழுந்திருந்தால், பொலரைசரை அளவுக்கு மீறித் திருப்பினால் அந்தப் பொன்னும் போய்விடும். வானவில்லும் அப்படியே. சாரலில் வானவில் நின்றதைக் கண்ணால் கண்டோம், படத்தில் காணோம் என்றால் பொலரைசர்தான் தின்றிருக்கும். கால் வட்டம் திருப்புங்கள், திரும்ப வரும்.

நிறம் பிழை

நுரை நீலமாக இருந்தால் நிழலுக்குள் வானத்தின் ஒளி மட்டும் வந்திருக்கிறது. நிறச் சாயலைச் சரிசெய்யும் வைட் பலன்ஸை 6500 இலிருந்து 7500 கெல்வினுக்குள் ஏற்றுங்கள். நுரை பச்சையாக இருந்தால் மரக்கூரையின் வேலை, எடிட் செய்யும்போது கொஞ்சம் மஜென்ராவைச் சேர்க்க வேண்டும். நுரையைத் தூய வெள்ளையாக்கியே தீர வேண்டும் என்று நிற்காதீர்கள். விடியற்காலைக் குளிரில் கொஞ்சம் நீலம் இருந்தால் குளிர் தெரியும்.

பத்து ஸ்டொப் பில்டர் போட்டால் மட்டும் படம் பழுப்பாகவோ ஊதாவாகவோ வந்தால் பில்டர் மலிவு. ரோவாக எடுத்துத் திருத்தலாம்.

மூலை இருட்டு, நடுவில் பெருக்கல் குறி, ஓரத்தில் ஊதாப் பட்டை

மூலை இருண்டால் பில்டருக்கு மேல் பில்டர் அடுக்கியிருக்கிறீர்கள், ஒன்றைக் கழற்றுங்கள். பெருக்கல் குறி மாதிரி இருட்டு விழுந்தால் அது சுழற்றும் வகை என்டி, அதன் எல்லைக்கு மேல் திருப்பிவிட்டீர்கள். படத்தின் குறுக்கே புகை மாதிரி ஊதாப் பட்டை விழுந்தால், கண்ணாடியுள்ள பழைய டிஎஸ்எல்ஆர் என்றால், கண்வைக்கும் துவாரத்தால் ஒளி புகுந்திருக்கிறது. நீண்ட நேரம் திறந்திருக்கும்போது தொப்பியாலோ துணியாலோ அதை மூடுங்கள்.

பில்டர் குளிரில் இறுகிக் கழரவில்லை என்றால் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பான்ட் போட்டுத் திருப்புங்கள். பிடி கிடைக்கும்.

வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள்

சாரல். லென்ஸில் விழுந்த துளிகள் போக்கஸுக்கு வெளியே வட்டமாகத் தெரிகின்றன. அகல லென்ஸைச் சிறிய துவாரத்தில் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்து தொலைக்கும். காற்று அருவியில் இருந்து உங்கள் பக்கம் அடிக்கிறதா என்று பாருங்கள், அடித்தால் பத்தடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பாதித் தொல்லை போகும். கமராவைக் கீழே பார்க்கக் கவிழ்த்துப் பிடித்துத் துடைத்துவிட்டு, நிமிர்த்தின கையோடு எடுங்கள், மறுபடி கவிழுங்கள். மூன்று துணியாவது வேண்டும், ஒன்று ஈரமாகிவிட்டால் அது துடைக்காது, பூசும்.

சொப்பிங் பையைக் கமராவுக்குச் சட்டையாகப் போடுவது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அது தேசிய பூங்கா, பொலித்தீனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். பேக்கர்ஸ் அருவிக்குக் குடையும் துவாயும் கொண்டு போங்கள்.

குறை ஒன்றும் இல்லை, ஆனால் படத்தில் உயிரும் இல்லை

இரண்டு காரணம் உண்டு. முதலாவது, தண்ணீரே இல்லாத காலத்தில் போயிருக்கிறீர்கள். ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனை இருக்கும் மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்று தண்ணீர் கொண்டு வரும். பதுளைப் பக்கத்துக் கிழக்குச் சரிவுக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்று, அதாவது எங்கள் மாரியும் அவர்கள் மாரியும் ஒன்று. துன்ஹிந்தவுக்கு ஓகஸ்டில் போய்விட்டு "படத்தில் பார்த்த மாதிரி இல்லை" என்று சொல்வது அருவியின் பிழையல்ல. சென் கிளேயருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கிய பிறகு அதன் தண்ணீரில் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் போகிறது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அங்கே போகாதீர்கள்.

இரண்டாவது, நின்ற உயரத்தில் நின்று, அருவியை நட்டநடுவில் வைத்து எடுத்திருக்கிறீர்கள். கலியாண வீட்டு மேடைப் படம் அப்படித்தான் இருக்க வேண்டும், ஓடைக்கு அது பொருந்தாது. முழங்கால் உயரத்துக்கு இறங்குங்கள். முன்னால் ஒரு கல், அதைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து உங்கள் பக்கம் வருகிற மாதிரி ஒரு இடம் தேடுங்கள். 263 மீற்றர் பம்பரகந்தையும் 220 மீற்றர் தியலும அருவியும் படத்தில் சின்ன வெள்ளைக் கோடாகச் சுருங்கிவிடும், பக்கத்தில் அளவு தெரிய ஒரு மரமோ ஆளோ இருந்தால்தான் உயரம் விளங்கும். ஆள் என்றால் கேட்டு எடுங்கள். கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற ஒரு அக்காவைக் கேட்காமல் எடுக்கப்போனேன் ஒருமுறை. "மொதல்ல பேசுங்கண்ணே, அப்புறம் பிடிங்க" என்றார். பேசினோம். வீதிக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், பெயரே இல்லாத ஒரு ஓடையைக் காட்டிவிட்டார். பெயர் பெற்ற அருவிகளில் எடுத்ததைவிட நல்ல படம் அங்கே கிடைத்தது.

கமரா இல்லை, போன்தான்

பெரும்பாலான போன்களின் துவாரம் மாறாது, அதனால் பகல் வெளிச்சத்தில், எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ மோட்டில் அரை செக்கன் வைத்தால் வெள்ளைதான் மிஞ்சும். விடியலிலும் பொழுதுபடும்போதும் மட்டும் அது சரிவரும். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு அதிலுள்ள லோங் எக்ஸ்போசரைத் தெரிவு செய்தால் போன் பல சட்டகங்களைக் கலந்து தண்ணீரை மெழுகித் தரும். எந்தப் போன் என்றாலும் கல்லில் சாத்தி வையுங்கள், கையில் பிடித்தால் கல்லும் சேர்ந்து மெழுகும்.

தண்ணீர் கலங்கி வருகிறது

இது கமராப் பிழையல்ல. தெளிந்து ஓடின ஓடை திடீரென்று தேத்தண்ணி நிறமாகிறது, சருகும் குச்சியும் கூடுதலாக வருகின்றன, இரைச்சல் மாறுகிறது. உங்கள் தலைக்கு மேல் வெயில் எறித்தாலும் மேலே மலையில் மழை. ட்ரைபொட்டை மடிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். நிமிடக் கணக்கில் தண்ணீர் ஏறும். சமதரையில் வளர்ந்த எங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை, வெள்ளம் என்றால் இரண்டு நாள் பெய்து முற்றத்தில் ஏறுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளிக்கிட முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை எந்த மாவட்டத்துக்கு இருக்கிறது என்று பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அந்தக் கிழமை வேண்டாம்.

பாசி படிந்த கல்லில் செருப்போடு ஏற வேண்டாம். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்க வேண்டாம், உப்புப் பொட்டலம் ஒன்று சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.

திரும்பி வரும் வழியில் லென்ஸுக்கு மேல் புகை

நுவரெலியாவின் குளிரில் கிடந்த கமராவைத் தம்புள்ளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தின இடத்தில் வெளியே எடுத்திருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று பட்டால் பனிக்கும். துடைத்தாலும் திரும்ப வரும். அந்த நேரம் லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளேயும் போகும். பையின் சிப்பைப் பூட்டியபடியே அரை மணித்தியாலம், முடிந்தால் வீடு வரும்வரை, விட்டுவிடுங்கள்.

வீட்டில் வைத்த பிறகு சில மாதம் கழித்து லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சணம், ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டதன் பலன். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டன, சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அரிசிக்குள் புதைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அரிசித் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போய் அது வேறு செலவு.

ட்ரைபொட்டை மட்டும் அன்றைக்கே கவனியுங்கள். கால்களை முழுதாக இழுத்து, பூட்டுகளைக் கழற்றி, கிணற்றடியில் நல்ல தண்ணீரால் மணல் போகக் கழுவி, விரித்தபடியே நிழலில் நிறுத்துங்கள். என்னுடையது மலைக்குப் போய் வந்த இரண்டாம் நாள் காரைநகர்க் கடலுக்குள் இறங்கியது. ஓடை மணலும் கடல் உப்பும் சேர்ந்து இறுகிய ஒரு கால் இன்றைக்கும் அரைவாசிக்கு மேல் நீளாது.